பிளிமத் நடுவழியில் நின்றால்: பென்சன்காரருக்கான பிழை நீக்கும் வழிமுறை

இது 1949 தொடக்கம் 1954 வரை வந்த பிளிமத் காரை மனதில் வைத்து எழுதியது. கிறைஸ்லர் நிறுவனம் வெளிநாடுகளுக்கு ஏற்றுவதற்காக அதே காரை டொட்ஜ் கிங்ஸ்வே, டி சோட்டோ டிப்ளோமற் என்ற பெயர்களிலும் விற்றது. முகப்பும் பெயர்த் தகடும்தான் வேறு, அடியில் கிடப்பது ஒன்றேதான்: பக்கவாட்டு வால்வு வைத்த ஆறு சிலிண்டர் எஞ்சின், 6 வோல்ற் மின்சாரம், ஸ்ரியரிங் தண்டில் மூன்று கியர். அந்தக் காலத்துச் செவர்லே, போர்ட், வில்லீஸ் ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பென்சன் மாதத்தில் ஒரு நாள்தான் வரும். கார் எந்த நாளிலும் பழுதாகும். ஆகவே முதலில் காசு செலவில்லாத சோதனை, பிறகு துடைத்துச் சுரண்டும் வேலை, கடைசியில்தான் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குத் தொலைபேசி. கராஜில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் தலைகீழாக நடக்கும். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஆனால் கணினி வைத்த ஜப்பான் கார்களில் வேலை பழகியவர்கள். "சேர், கொயில மாத்திப் பாப்பம்" என்பார்கள். "பொறு மனே, முதல்ல பெற்றோல் வருதா எண்டு பாப்பம்" என்று சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்ராட்டர் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது 'டக்' என்ற சத்தத்தோடு சரி

பற்றறியைக் குறை சொல்லாதீர்கள், இன்னும். 6 வோல்ற் காரில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் வேண்டும். ஒரு துருப்பிடித்த இணைப்பில் அரை வோல்ற் தொலைந்தால் 12 வோல்ற் காருக்கு அது 4 சதவீதம், உங்கள் காருக்கு 8 சதவீதம். மட்டக்களப்பில் கல்லடி, நாவலடிப் பக்கம் கார் நிறுத்துகிறவர்களுக்கு இந்த அரை வோல்ற்றைக் கடற்காற்று இலவசமாகவே கொண்டுபோய்விடும்.

சோதனை இதுதான். ஒருவர் ஸ்ராட்டரைப் பத்து விநாடி சுற்றட்டும். உடனே நீங்கள் பற்றறி முனைகள், ஸ்ராட்டர் சுவிட்ச் முனை, எஞ்சினையும் சசியையும் (காரின் அடிச்சட்டம்) இணைக்கும் பின்னல் பட்டி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எது சூடாகியிருக்கிறதோ அதுதான் குற்றவாளி. கழற்றி, உலோகம் மின்னும் வரை அரத்தாள் போட்டு, இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள். செலவு ஓர் அரத்தாள்.

எல்லாமே ஒரே மாதிரிச் சூடானால் வயர் மெல்லியது. கடையில் தொங்கும் ஆயத்த பற்றறி வயர்கள் 12 வோல்ற் கார்களுக்கானவை. வெல்டிங் செய்கிறவர்கள் பாவிக்கும் 50 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை அளந்து வாங்கி, முனைகளைப் பற்றவைத்துப் போட்டால் பல வருடப் பிரச்சினை தீரும். "12 வோல்ற்றுக்கு மாற்றிவிடுங்கள்" என்று ஆலோசனை சொல்கிறவர்கள் நிறையப் பேர். மாற்றலாம்தான். பல்புகள், கொயில், ஹோர்ன், மீற்றர்கள், ஜெனரேற்றர் எல்லாவற்றுக்கும் யார் காசு கொடுப்பது? தடித்த வயரும் துப்புரவான ஏர்த்தும் இருந்தால் 6 வோல்ற் நன்றாகவே சுற்றும்.

இன்னொன்று. பிளிமத்தில் பற்றறியின் நேர் முனைதான் உடம்போடு இணையும். 1955 வரையான போர்ட்டும் அப்படியே. செவர்லேயும் வில்லீஸும் எதிர் முனை. புதுப் பற்றறி பூட்டுகிறவர் பழக்கத்தில் எதிர் முனையைச் சசியில் இணைத்துவிட்டுப் போவது வழமையாக நடக்கும் காரியம். ஸ்ராட்டர் அப்போதும் சுற்றும், அதனால் யாருக்கும் தெரியாது. எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு முன்விளக்கைப் போடுங்கள். அம்பியர் மீற்றரின் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்தால் பற்றறி தலைகீழ். சரியாக மாற்றிப் பூட்டிய பிறகு, எஞ்சின் ஓடுமுன், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரின் பற்றறி முனையையும் ஆமேச்சர் முனையையும் ஒரு துண்டு வயரால் கண் இமைக்கும் நேரம் தொட்டு எடுக்க வேண்டும். ஜெனரேற்றருக்குத் திசை திரும்ப ஞாபகம் வரும். இது பிளிமத் வகைக்கு மட்டும். போர்ட்டில் முறை வேறு, இதையே செய்தால் ரெகுலேற்றர் கருகும்.

பற்றறி உண்மையிலேயே செத்துவிட்டால் தள்ளி ஸ்ராட் பண்ணலாம். மட்டக்களப்பில் உருட்டிவிடச் சரிவு கிடையாது, ஆகவே அயல்வீட்டுப் பிள்ளைகளோடு நல்ல உறவு அவசியம். இரண்டாம் கியரில் போட்டுக் கிளச்சை விடுங்கள்.

வெயிலில் ஓடி நிற்கிறது. அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது

இதுதான் நம் பக்கத்தின் தலையாய நோய். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது, செங்கலடியில் திரும்பிக் கரடியனாறு, புல்லுமலை தாண்டி மகாஓயாப் பக்கம் போகிறவர்களுக்கு நிச்சயம் வரும். கல்லடிப் பாலத்தில் வாகன நெரிசலில் ஊர்ந்தாலும் வரும்.

காரணம் இரண்டில் ஒன்று: பெற்றோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகிவிட்டது, அல்லது தீப்பொறியை உண்டாக்கும் கொண்டென்சரோ கொயிலோ சூட்டில் கைவிட்டது. இரண்டும் வெளியே ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால்தான் ஆட்கள் கொயில், பெற்றோல் பம், காபரேட்டர் என்று வரிசையாக வாங்கிக் குவிக்கிறார்கள்.

பிரித்தறிய ஒரு நிமிடம் போதும், ஆனால் கார் நின்ற அந்த நிமிடமாக இருக்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எஞ்சினை நிறுத்தி, காற்று வடிகட்டியைக் கழற்றி, காபரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். சுருட்டு, பீடி எதுவும் கிட்ட வேண்டாம். திரொட்டிலைக் கையால் ஒரு தடவை திறவுங்கள். உள்ளே பெற்றோல் கோடாகப் பீச்சினால் பெற்றோல் இருக்கிறது, மின்சாரப் பக்கம் போங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் பெற்றோல் பக்கம்.

பெற்றோல் பக்கமாக இருந்தால்: பம் எஞ்சினின் பக்கத்தில், சூட்டுக்கு அருகில் இருக்கிறது. இன்றைய பெற்றோல், டாங்கியிலிருந்து அழுத்தத்தோடு தள்ளப்படும் ஊசிமுறை எஞ்சின்களை நினைத்துத் தயாரிப்பது. நமது பம் உறிஞ்சி எடுப்பது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, ஆகவே சீக்கிரம் கொதிக்கும். அப்போதைக்கு ஒரு ஈரத் துணியைப் பம்மிலும் குழாயிலும் சுற்றித் தண்ணீர் ஊற்றுங்கள், பத்து நிமிடத்தில் புறப்படலாம். சூடான எக்சோஸ்டில் மட்டும் ஊற்ற வேண்டாம், வார்ப்பிரும்பு வெடிக்கும். நிரந்தர வேலையாகப் பார்க்க வேண்டியவை: பம்முக்கும் எக்சோஸ்டுக்கும் இடையே இருந்த வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா? பழைய கார்களில் அதைக் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டியிருக்க மாட்டார்கள். ரிங்கர் (தகர) வேலை செய்கிறவர் ஒரு துண்டுத் தகட்டில் வெட்டித் தருவார். குழாய் எங்கேயாவது எக்சோஸ்டில் முட்டுகிறதா? வளைத்து விலக்குங்கள். அமெரிக்கக் கிழவர்கள் உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப்பைக் குழாயில் வரிசையாகக் கொழுவிவிடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், வேலை செய்யாது.

பலர் பார்க்காத இடம் ஒன்று உண்டு. எக்சோஸ்ட் மனிபோல்டில், வெளியே ஒரு சிறு பாரத் துண்டு தொங்கும் வால்வு. குளிர் நாட்டில் எஞ்சின் சூடாகுமட்டும் எக்சோஸ்ட் வெப்பத்தைக் காபரேட்டருக்குக் கீழே திருப்பிவிடுவதற்காக வைத்தது. நம் ஊரில் அது துருவேறி மூடிய நிலையில் இறுகினால் காபரேட்டர் நாள் முழுவதும் அடுப்பின் மேல்தான் இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது பாரத்தைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் துரு இளக்கும் ஒயில் விட்டு, ஒரு இரவு விட்டு, சின்னச் சுத்தியலால் தண்டை முன்னும் பின்னும் மெல்லத் தட்டுங்கள். பொறுமை வேண்டும்; தண்டு முறிந்தால் மனிபோல்டையே தேட வேண்டிவரும்.

இவ்வளவும் செய்த பிறகும் நின்றால்தான் டாங்கிக்குப் பக்கத்தில் ஒரு மின் பம் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

மின்சாரப் பக்கமாக இருந்தால் முதல் சந்தேகம் கொண்டென்சர். புதிதாக வருவதை நம்பாதீர்கள்; நன்றாக ஓடிய காரில் இருந்து கழற்றிய பழையது கிடைத்தால் அதைக் கையுறைப் பெட்டியில் வைத்திருங்கள். அடுத்தது டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பொயின்ற்றின் இடைவெளி, 0.020 அங்குலம், பிளக் 0.035 அங்குலம். மில்லிமீற்றர் அளவி வைத்திருப்பவர்களுக்கு 0.5, 0.9. செவர்லேக்கு அளவு வேறு. அப்புறம் கொயில்: அதன் மேல் 12 வோல்ற் என்று அடித்திருந்தால் யாரோ கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். கார் ஓடும், ஆனால் தீப்பொறி மெலிவு. நேர் முனை ஏர்த் ஆன காரில் கொயிலின் நேர் முனையில்தான் டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வயர் இருக்க வேண்டும். மாறியிருந்தாலும் காலையில் ஓடும், மத்தியானத்தில் இருமும்.

95 ஒக்ரேன் அடித்தால் இது சரியாகும் என்று பெற்றோல் செட்டில் சொல்வார்கள். இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் கிட்டத்தட்ட 7க்கு 1. 92 தாராளம். ஏற்கனவே லீற்றருக்கு 6, 7 கிலோமீற்றர்தான் தரும் காருக்கு விலை கூடிய பெற்றோல் வீண்.

சூட்டு மீற்றர் ஏறிக்கொண்டே போகிறது

ரேடியேற்றர் மாற்றச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். பெல்ட், தண்ணீர் மட்டம், ரேடியேற்றரின் முகத்தில் அடைந்த பூச்சியும் வைக்கோலும், இவற்றைப் பார்த்த பிறகு எஞ்சின் ஹெட்டின் முன்பக்கச் சூட்டையும் பின்பக்கச் சூட்டையும் ஒப்பிடுங்கள். தொடாமல் அளக்கும் வெப்பமானி கராஜில் இருக்கும், இரவல் வாங்கலாம். கொரோனாக் காலத்தில் நெற்றியில் பிடித்தது உதவாது, அது உடம்புச் சூட்டைத் தாண்டாது.

பின்பக்கம் தெளிவாகக் கூடச் சூடாக இருந்தால் கோளாறு ரேடியேற்றரில் இல்லை. இந்த எஞ்சினின் புளொக்குக்குள் நீளமாக ஒரு தகட்டுக் குழாய் இருக்கிறது. தண்ணீர்ப் பம் தள்ளும் தண்ணீரைக் கடைசி சிலிண்டர் வரை ஒவ்வொரு வால்வுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. துருவில் கரைந்து போனால் முன் சிலிண்டர்கள் குளிர்ந்திருக்க, ஐந்தும் ஆறும் வேகும். புது ரேடியேற்றர் போட்டாலும் வேகும். ரேடியேற்றரையும் தண்ணீர்ப் பம்மையும் கழற்றினால் குழாயின் வாய் தெரியும். உக்கியதை முழுசாக இழுத்தெடுப்பது சில வேளை இரண்டு நாள் வேலை. கொக்கி வளைத்துத் துண்டு துண்டாக எடுக்க வேண்டிவரும். புதியது அமெரிக்காவில் இன்னமும் செய்கிறார்கள். நீளமான பொருள், அனுப்பும் கூலியும் சுங்கமும் சேர்ந்து கடிக்கும், ஆனால் காசு போக வேண்டிய இடம் இதுதான்.

குழாய் நன்றாக இருந்தால் ரேடியேற்றருக்கு வரலாம். செம்பும் பித்தளையும் ஆனபடியால் மேல் டாங்கியை இளக்கிக் கழற்றி, கம்பி விட்டுத் துப்புரவாக்கி, திரும்ப ஈயம் வைக்கலாம். ஜப்பான் காரின் மூடியைப் போடாதீர்கள். அது தாங்கும் அழுத்தத்தை 70 வயது ஈயம் தாங்காது. கரையோரக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். உவர். கூலன்ற் வாங்க மனமில்லையென்றால் துருத் தடுப்பு மருந்தாவது கலந்த வடித்த நீர்.

பிரேக் மிதி கீழே போகிறது, அல்லது கார் ஒரு பக்கம் இழுக்கிறது

இங்கே மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். இந்தக் காருக்கு ஒரே ஒரு பிரேக் சுற்றுத்தான். ஒரு சக்கரத்தில் ஒரு றப்பர் கிழிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் இல்லை. மிதி ஒரு தடவை வழமையைவிடக் கீழே போனாலே, அன்றைக்கு கார் வீட்டை விட்டு இறங்கக் கூடாது.

மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அதில் பிரேக் திரவத்தின் மட்டம் குறைந்திருந்தால் ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கமும் ஈரம் தேடுங்கள். குறையவில்லை, ஈரமும் இல்லை, ஆனாலும் மிதி மெல்ல மெல்ல இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் றப்பர். ஒரு பக்கம் இழுத்தால், முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள் உண்டு, அதில் ஒன்று துருவில் இறுகியிருக்கும். ஈரக் காற்றைப் பிரேக் திரவம் குடித்துக் குடித்துத்தான் உள்ளே துரு வருகிறது. டொட் 3 திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுதாக மாற்றினால் சிலிண்டர் வாங்கும் செலவு பெரிதும் குறையும். குழிவிழுந்த சிலிண்டரை எறிய வேண்டாம், லேத்தில் பித்தளை உறை போட்டு அதே அளவுக்குக் கடைந்து தருவார்கள். மினரல் ஒயில் எதையும் ஊற்றினால் றப்பர் அத்தனையும் ஊதிப்போகும்.

சக்கரம் கழற்றுமுன் மூன்று எச்சரிக்கை. இடப்பக்கச் சக்கரங்களின் போல்ற்றுகள் எதிர்த்திசைப் புரி. வழமையான திசையில் குழாய் போட்டு அழுத்தினால் இறுகி முறியும். தலையில் 'எல்' எழுத்து இருக்கும், துருவைத் துடைத்துப் பாருங்கள்.

கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்ப் பெட்டிக்குப் பின்னால் தண்டில் இருக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கியவுடன் தூக்கிய சக்கரம் தனியே சுற்றும், கார் உருளும். கைப்பிரேக்கை நம்பாமல் மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

பின் டிரம் சரிவான அக்சிலில் இறுகிக் கிடக்கும். சுத்தியலால் அடித்தால் பெயரிங்கும் புரியும் போகும், மூன்று கால் புல்லர் டிரம்மை வளைக்கும். போல்ற் துளைகளில் பூட்டும் தடித்த தகட்டுப் புல்லர் ஒன்றை லேத்தில் செய்துகொள்ளுங்கள். நடு நட்டை முழுதாகக் கழற்றாமல் சில புரி விட்டுவைத்து இழுங்கள், இல்லையென்றால் டிரம் விடுபடும்போது பாயும். உள்ளே இருக்கும் தூசியை ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரோஸ் இருக்கும், ஈரத் துணியால் துடையுங்கள்.

எஞ்சினில் டிக் டிக் சத்தம், அல்லது புகை

வால்வைத் தள்ளும் தப்பெற்றின் சத்தம் லேசாகக் கேட்டால் கவலையில்லாமல் இருங்கள். சத்தமே கேட்காத எஞ்சின்தான் பயம்: இடைவெளி இறுகி, எக்சோஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் எரிகிறது என்று பொருள். சும்மா நிற்கும்போது ஒரு சீராக 'பக் பக்' என்று தவறினால், பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது ஓட்டம் மாறவில்லையோ, பழுது அந்தச் சிலிண்டரில்தான். கழற்றும்போது காய்ந்த துணி அல்லது றப்பர்க் கையுறை.

இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நின்ற பிறகு வால்வு இருக்கை தேயும் என்று பலர் மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள். பிளிமத்தின் எக்சோஸ்ட் வால்வுகளுக்கு ஆலையிலேயே கடின உலோக இருக்கை உண்டு. அந்த மருந்துக் காசில் ஒயில் மாற்றலாம். நம் சூட்டுக்கு எஸ்.ஏ.இ. 30 போதும்.

காலையில் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றால் விட்டுவிடுங்கள், அடிக்கடி ஒயில் மட்டம் பாருங்கள். வெள்ளைப் புகையோடு ரேடியேற்றரில் குமிழி வந்தால் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கஸ்கற் போய்விட்டது. இந்த எஞ்சினில் வால்வுகள் புளொக்கில் இருப்பதால் ஹெட் வெறும் மூடி போன்றது. ஒரு சனிக்கிழமை வேலை.

கியர்த் தடி ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இறுகிவிட்டது

பலம் பிரயோகிக்காதீர்கள். எஞ்சினை நிறுத்திப் பொனற்றைத் திறந்து, ஸ்ரியரிங் தண்டின் அடியில் இருக்கும் இரண்டு சிறு கைகளையும் ஒரே நேர்கோட்டுக்குத் தள்ளுங்கள், விடுபடும். அடிக்கடி நடந்தால் இணைப்புக் கம்பிகளின் புஷ் தேய்ந்திருக்கிறது.

மாரிக்குப் பிறகு, அல்லது பல மாதம் நின்ற பிறகு

மார்கழி வெள்ளத்தில் சக்கரத்தின் நடு வரை தண்ணீர் நின்றிருந்தால் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். கியர்ப் பெட்டியிலும் டிபரென்சலிலும் அடி மூடியைக் கொஞ்சம் இளக்குங்கள். தண்ணீர் பாரமானது, முதலில் அதுதான் சொட்டும். ஒயில் வெள்ளையாகக் கலங்கியிருந்தால் முழுதாக மாற்ற வேண்டும். வீல் பெயரிங்குகளைக் கழுவிப் புதுக் கிறீஸ் அடையுங்கள். வாவித் தண்ணீராக இருந்தால் அடிப்பக்கம் முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவிய பிறகுதான் மற்ற வேலை. ஐப்பசி மழைக்கு முன்னரே சசியிலும் தரைத் தகட்டின் அடியிலும் பழைய எஞ்சின் ஒயிலைத் தூரிகையால் பூசி வைத்தால் துரு பாதியாகும். பிரேக் குழாய் றப்பரிலும் டிரம்மிலும் பட விடாதீர்கள்.

நின்ற கார் ஸ்ராட் ஆகி, மிதித்தவுடன் இருமி நின்றால் காபரேட்டரின் அக்சிலேற்றர் பம் தோல் காய்ந்து சுருங்கியிருக்கிறது. எடுத்து ஒயிலில் ஒரு இரவு ஊறவைத்துப் போடுங்கள், பெரும்பாலும் உயிர் வரும். டாங்கியின் அடியிலிருந்து ஒரு போத்தல் பெற்றோல் வடித்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் துரு இறங்கினால் பம்முக்கு முன்னால் ஒரு கண்ணாடி வடிகட்டி பூட்டி, அது துப்புரவாக வரும் வரை வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவுங்கள். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்க்காமல் பற்றறியை இணைக்க வேண்டாம்; இந்தக் கார்களில் ஸ்ராட்டர் வயருக்கு பியூஸ் கிடையாது.